மென்பொருள் பேட்டன்ட்: தனி நிரலாளர்களுக்கும் ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

2017-க்கு முன் லினக்ஸ் நிறுவியவர்களுக்கு இது நினைவிருக்கும். எல்லாம் முடிந்து ஆசையாக ஒரு பாட்டை க்ளிக் செய்தால் பாடாது. கோடெக் (ஒலி, வீடியோக் கோப்புகளைச் சுருக்கவும் விரிக்கவும் உதவும் நிரல்) இல்லை என்று ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும். அப்புறம் எங்கிருந்தோ ஒரு கூடுதல் ரிப்பாசிட்டரியைச் சேர்த்து, இரண்டு கட்டளை அடித்தால்தான் பாட்டு வரும். எம்பி3-க்கு நிரல் எழுத ஆள் இல்லாமல் இல்லை. லேம் என்ற அருமையான என்கோடர் 1998-லிருந்தே இருக்கிறது. ஆனால் லேம் குழுவினர் சோர்ஸை மட்டும்தான் வெளியிட்டார்கள், பைனரி தரவில்லை. ஃபெடோரா என்ற லினக்ஸ் வினியோகம் எம்பி3 பக்கமே போகவில்லை. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனமும் அதன் கூட்டாளிகளும் வைத்திருந்த பேட்டன்ட்கள்தான் காரணம். கடைசிப் பேட்டன்ட்களும் காலாவதியாகி, 2017 ஏப்ரல் 23-ல் எம்பி3 உரிமத் திட்டம் மூடப்பட்ட பிறகுதான் அந்தப் பெட்டி காணாமல் போனது.

இதில் யாரும் யாருடைய நிரலையும் காப்பியடிக்கவில்லை. "நானே உட்கார்ந்து எழுதியதற்கு இன்னொருத்தர் எப்படித் தடை போடலாம்?" என்று கேட்காத நிரலாளர் இருக்க முடியாது. இந்த வழிகாட்டி அங்கிருந்துதான் தொடங்குகிறது. நான் வக்கீல் இல்லை, நிரல் எழுதுகிறவன். வழக்கென்று வந்துவிட்டால் வக்கீலிடம்தான் போகவேண்டும். ஆனால் அதற்கு முன்னால் நாமே செய்துகொள்ள வேண்டியவை நிறைய இருக்கின்றன. வந்த பிறகு யோசித்தால் காலம் கடந்திருக்கும்.

படி 1: முதலில் சொல் குழப்பத்தைத் தீருங்கள்

தமிழில் இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. "காப்புரிமை" என்ற சொல்லைச் செய்தித்தாள்கள் பாட்டு, புத்தகம் பற்றியும் எழுதுகின்றன, கண்டுபிடிப்புகள் பற்றியும் எழுதுகின்றன. இரண்டும் வேறு வேறு சட்டங்கள். அதனால் இங்கே புத்தகம், பாட்டு, சோர்ஸ் கோடு ஆகியவற்றுக்கு உள்ளதைப் பதிப்புரிமை என்றும், கண்டுபிடிப்புக்கு உள்ளதைப் பேட்டன்ட் என்றுமே எழுதுகிறேன்.

பதிப்புரிமை நீங்கள் எழுதிய வரிகளைக் காக்கும். அதே வேலையைச் செய்யும் நிரலை இன்னொருவர் சொந்தமாக எழுதினால் அது மீறல் ஆகாது. பேட்டன்ட் அப்படியில்லை. அது செய்முறையையே பூட்டுகிறது. எந்த மொழியில் எழுதினாலும், பேட்டன்ட் எடுத்தவரின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை என்றாலும், அந்தச் செய்முறை உங்கள் நிரலில் இருந்தால் மீறல்தான். "நானே யோசித்தேன்" என்பது பொதுவாக இங்கே எடுபடாது.

அந்த நிரலை இலவசமாகக் கொடுப்பதாலும் தப்பிக்க முடியாது. அமெரிக்கச் சட்டப்படி காசு வாங்காமல் உருவாக்கினாலும், பயன்படுத்தினாலும்கூட மீறல்தான். பணம் பார்க்காத ஆளிடம் நஷ்டஈடாகக் கறக்க ஒன்றும் இருக்காது என்பதால் வழக்கமாக விட்டுவிடுகிறார்கள். அது அவர்கள் கணக்கே தவிர, சட்டம் தந்த விலக்கு இல்லை.

பேட்டன்டின் ஆயுள் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. அது எடுத்த நாட்டுக்குள் மட்டும்தான் செல்லும். உலகப் பேட்டன்ட் என்று ஒன்று கிடையாது.

படி 2: எந்த நாட்டுச் சட்டம் உங்களைத் தொடும் என்று பாருங்கள்

தொல்லை பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்துதான் வருகிறது. மார்ட்டின் கோட்ஸ் என்பவருக்கு 1968-ல் ஒரு வரிசைப்படுத்தும் முறைக்காகக் கிடைத்ததை அங்கே முதல் மென்பொருள் பேட்டன்ட் என்பார்கள். அதன் பிறகு கதை ஊசலாடியது. 1972-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எண் வடிவ மாற்ற அல்காரிதம் ஒன்றுக்குப் பேட்டன்ட் இல்லை என்றது. 1981-ல், ரப்பரைப் பதப்படுத்தும் இயந்திரத்தில் கணினி இருந்த ஒரே காரணத்துக்காக மறுக்கக்கூடாது என்றது. 1998-ல் ஸ்டேட் ஸ்ட்ரீட் வங்கி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கதவை அகலத் திறந்துவிட, வணிக முறைகளுக்கெல்லாம் பேட்டன்ட் குவிந்தது. 2014 ஜூன் 19-ல் ஆலிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, பழைய அருவமான யோசனை ஒன்றைக் "கணினியில் செய்" என்று சொல்வதால் மட்டும் அது கண்டுபிடிப்பு ஆகிவிடாது என்று தீர்ப்பளித்தார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ பேட்டன்ட்கள் வழக்கின் தொடக்கத்திலேயே விழுந்துவிட்டன. ஆனாலும் மென்பொருள் பேட்டன்ட் ஒழிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எழுதும் விதத்தை மாற்றிக்கொண்டு இன்னும் வாங்குகிறார்கள்.

ஐரோப்பியப் பேட்டன்ட் உடன்படிக்கையின் 52-ஆம் பிரிவு கணினி நிரலை "நிரல் என்ற அளவில்" விலக்குகிறது. அந்த மூன்று சொல்லுக்குள் எவ்வளவு அடங்கும் என்பதில்தான் சண்டையே. தொழில்நுட்ப விளைவு இருக்கிறது என்று காட்டினால் ஐரோப்பியப் பேட்டன்ட் அலுவலகம் தருகிறது. இதை விரிவாக்கும் என்று நிரலாளர்கள் அஞ்சிய சட்ட முன்வரைவை ஐரோப்பிய நாடாளுமன்றம் 2005 ஜூலை 6-ல் 648-க்கு 14 என்ற வாக்குக் கணக்கில் தூக்கி எறிந்தது. இந்தியச் சட்டத்தில் 3(கே) பிரிவு கணித முறை, வணிக முறை, அல்காரிதம், தனித்த கணினி நிரல் ஆகியவற்றை விலக்குகிறது. 2004 கடைசியில் ஓர் அவசரச் சட்டம் அதைத் தளர்த்தப் பார்த்தது. 2005-ல் நாடாளுமன்றம் அந்தத் திருத்தத்தை ஏற்கவில்லை. நியூசிலாந்தும் 2013 சட்டத்தில் ஏறக்குறைய ஐரோப்பிய வழியையே எடுத்துக்கொண்டது.

சரி, நான் அமெரிக்காவில் இல்லையே, எனக்கென்ன என்றால் அது பாதிதான் உண்மை. உங்கள் செயலி அமெரிக்க ஆப் ஸ்டோரில் இருந்தால், உங்கள் லைப்ரரியை அமெரிக்க நிறுவனம் ஒன்று பயன்படுத்தினால், உங்கள் நிரலைச் சேர்த்துத் தரும் லினக்ஸ் வினியோகத்தின் தலைமையகம் அங்கே இருந்தால், அந்தச் சட்டம் எங்கோ ஓரிடத்தில் உங்கள் திட்டத்தைத் தொடுகிறது. விஎல்சி பிளேயர் எந்த வீடியோவையும் கேள்வி கேட்காமல் ஓட்டுவதற்கு அதன் அமைப்பு பிரான்சில் இருப்பதும் ஒரு காரணம். ஃபெடோராவின் பின்னால் இருப்பது ஓர் அமெரிக்க நிறுவனம். அதனால்தான் அதே கோடெக் அங்கே சிக்கல்.

படி 3: பேட்டன்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. நம்மவர்கள் பலர் தலைப்பைப் படித்துவிட்டே கொதிக்கிறார்கள். "ஷாப்பிங் கார்ட்டுக்குப் பேட்டன்டாம்!" என்று. தலைப்புக்குச் சட்டத்தில் மதிப்பே இல்லை. சுருக்கம், படங்கள், நீண்ட விளக்கம் எல்லாம் பொருள்கொள்ள உதவும், அவ்வளவுதான். வேலியின் எல்லை கடைசியில் எண் போட்டு வரும் க்ளெய்ம் (எதற்கு உரிமை கோருகிறார் என்ற வாசகம்) பகுதியில் மட்டுமே இருக்கிறது.

அமேசானின் ஒன் கிளிக் பேட்டன்டை எடுத்துக்கொள்வோம். எண் 5,960,411. 1997 செப்டம்பரில் விண்ணப்பித்து 1999 செப்டம்பர் 28-ல் கிடைத்தது. முதல் க்ளெய்மைத் தமிழில் உடைத்தால் ஏறத்தாழ இப்படி வரும்: பயனரின் கணினி ஒரு பொருளின் விவரத்தைக் காட்டுகிறது. ஒரே ஒரு செயல் நடந்ததும், வாங்குபவரின் அடையாளத்தோடு ஆர்டரைச் சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் அதைப் பெறுகிறது. அவரைப் பற்றி ஏற்கனவே சேமித்த விவரங்களை எடுக்கிறது. ஆர்டரை உருவாக்குகிறது. அது நிறைவேற்றப்படுகிறது. இதெல்லாம் ஷாப்பிங் கார்ட் இல்லாமல் நடக்கிறது.

விதி என்னவென்றால், இந்தக் கூறுகள் ஒன்றுவிடாமல் அத்தனையும் உங்கள் நிரலில் இருந்தால்தான் மீறல். ஒன்று குறைந்தாலும் அந்த க்ளெய்முக்குள் நீங்கள் வரமாட்டீர்கள். அமேசான் போட்டிப் புத்தகக் கடையான பார்ன்ஸ் அண்ட் நோபிள் மீது வழக்குப் போட்டு 1999 டிசம்பரில் இடைக்காலத் தடை வாங்கியது. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இன்னொரு க்ளிக்கைச் சேர்த்தார்கள். "உறுதிசெய்க" என்று ஒரு பொத்தான். "ஒரே ஒரு செயல்" என்ற கூறு போய்விட்டது. கடை தொடர்ந்து நடந்தது. 2001-ல் மேல்முறையீட்டில் அந்தத் தடையே நீங்கியது.

ஆகவே பேட்டன்டைக் கையில் எடுத்தால் முதலில் தனித்து நிற்கும் க்ளெய்ம்களைக் குறியுங்கள். "1-ஆம் க்ளெய்மில் சொன்ன முறை, ஆனால்..." என்று தொடங்குபவை அதைச் சார்ந்தவை, தாய் க்ளெய்முக்குள் நீங்கள் வரவில்லை என்றால் பிள்ளைகளுக்குள்ளும் வரமாட்டீர்கள். ஒரு தாளில் இடப்பக்கம் கூறு, வலப்பக்கம் உங்கள் நிரலில் அதைச் செய்யும் ஃபங்ஷன் என்று எழுதிப் பாருங்கள். வலப்பக்கம் வெற்றிடம் விழுகிற இடம்தான் உங்கள் வழி. ஓர் எச்சரிக்கை: கூறு அப்படியே இல்லாவிட்டாலும் அதற்குச் சமமான ஒன்று இருக்கிறது என்று நீதிமன்றத்தில் வாதிட இடமுண்டு. மாறியின் பெயரை மாற்றிவிட்டுத் தப்பித்தோம் என்று உட்காரக்கூடாது.

அப்புறம் எண்ணின் வாலைப் பாருங்கள். 2001 முதல் வெளியான அமெரிக்க ஆவணத்தின் எண் "ஏ1" என்று முடிந்தால் அது வெறும் விண்ணப்பம். "பி1", "பி2" என்று முடிந்தால்தான் வழங்கப்பட்ட பேட்டன்ட். விண்ணப்பத்தை வைத்து இணையத்தில் எழுந்த கூச்சல்களில் பாதி இந்த வாலைப் பார்க்காததால் வந்தவை. அமெரிக்காவில் மூன்றரை, ஏழரை, பதினொன்றரை ஆண்டுகளில் பராமரிப்புக் கட்டணம் கட்டவேண்டும். கட்டாமல் செத்துப்போன பேட்டன்ட்களும் ஏராளம். கூகுள் பேட்டன்ட்ஸ் தளத்தில் நிலவரம் தெரியும், ஆனால் அதை முடிவாக எடுக்காமல் அந்தந்த அலுவலகப் பதிவேட்டில் சரிபாருங்கள்.

படி 4: எதைத் தேடுவது, எதை விடுவது

இதில் ஒரு வினோதம் உண்டு. அமெரிக்காவில் தெரிந்தே மீறினால் நஷ்டஈட்டை மூன்று மடங்கு வரை உயர்த்தலாம். அதனால் பல நிறுவனங்கள் தங்கள் பொறியாளர்களிடம் பேட்டன்ட் பக்கமே போகாதே என்று சொல்லிவைக்கின்றன. அறிவைப் பரப்பத்தான் பேட்டன்ட் என்று சொல்லிக்கொண்டே படித்தவனைத் தண்டிக்கும் ஏற்பாடு. எனக்கு இதைவிட நல்ல பகடி தெரியாது.

என் கருத்து இதுதான். சாதாரணப் பட்டியல் செயலி, வலைத்தளம், கட்டளைவரிக் கருவி எழுதுகிறவர் பேட்டன்ட் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். தேடினாலும் தீராது. ஆனால் சில வட்டாரங்கள் கண்ணிவெடி நிலம். வீடியோ, ஆடியோ கோடெக், தரவுச் சுருக்கம், எழுத்துருக் காட்சி, கணினிப் பார்வை, கிராஃபிக்ஸ், மறையாக்கம், கோப்பு முறைமை. இவற்றில் கை வைப்பதற்கு முன் அந்த அல்காரிதத்துக்கு வரலாறு உண்டா என்று மட்டுமாவது பாருங்கள். அதற்குப் பேட்டன்ட் ஆவணத்தைப் படிக்க வேண்டியதில்லை. பழைய ஓப்பன் சோர்ஸ் திட்டங்கள் எங்கே சுற்றிப் போனார்கள் என்று பார்த்தாலே போதும்.

அந்தச் சுற்றுப் பாதைகள் ஒவ்வொன்றும் ஒரு பாடம். ஜிஃப் படங்களுக்குள் இருந்த எல்இசட்டபிள்யூ சுருக்க முறைக்கு 1985-ல் வழங்கப்பட்ட பேட்டன்ட் பின்னர் யூனிசிஸ் நிறுவனத்தின் கைக்கு வந்தது. கம்ப்யூசர்வ் என்ற ஆன்லைன் சேவை நிறுவனம் அது தெரியாமலே 1987-ல் ஜிஃப் வடிவத்தை வெளியிட, உலகமே பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. 1994 டிசம்பர் கடைசியில், இனி ஜிஃப் எழுதும் மென்பொருளுக்குக் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. கோபத்தில் சில நிரலாளர்கள் அடுத்த சில நாட்களிலேயே மாற்று வடிவத்தைப் பேச ஆரம்பித்தார்கள். பிஎன்ஜி பிறந்த கதை அது. அமெரிக்கப் பேட்டன்ட் 2003 ஜூன் 20-ல் முடிந்தது. அதற்குள் பிஎன்ஜி நிலைத்துவிட்டது.

பிசிப்2 என்ற சுருக்கக் கருவியின் பெயரில் "2" ஏன்? முதல் பிசிப் அரித்மெடிக் கோடிங் பயன்படுத்தியது. அதைச் சுற்றிப் பேட்டன்ட் முள்வேலி இருந்ததால் ஹஃப்மன் கோடிங்குக்கு மாற்றி மறுபடி வெளியிட்டார்கள். கொஞ்சம் சுருக்கத் திறன் போனது, நிம்மதி வந்தது. ஃப்ரீடைப் லைப்ரரியில் ட்ரூடைப் எழுத்துருக்களைச் செதுக்கிக் காட்டும் பகுதி எழுதப்பட்டே இருந்தது, ஆனால் இயல்பில் அணைத்து வைத்திருந்தார்கள். ஆப்பிளின் பேட்டன்ட்கள் 2010 மே மாதம் முடிந்ததும் அந்த ஆண்டே திறந்துவிட்டார்கள். லினக்ஸில் எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று நாம் பல ஆண்டு அலுத்துக்கொண்டதில் இதற்கும் பங்குண்டு. கணினிப் பார்வைக்கான ஓப்பன்சிவி நூலகத்தில் சிஃப்ட் என்ற அடையாளப் புள்ளி முறை "கட்டற்றதல்ல" என்ற தனிப் பெட்டியில் கிடந்தது. 2020 மார்ச்சில் பேட்டன்ட் முடிய, அதே ஆண்டு முதன்மை நூலகத்துக்கு வந்தது.

எனக்குப் பிடித்தது டூம் 3 என்ற கணினி விளையாட்டின் கதை. நிழல் வரையும் ஒரு முறையை அதன் நிரலாளர் ஜான் கார்மாக் தானாகவே கண்டடைந்தார். அதற்கு முன்பே, 1999-ல், கிரியேட்டிவ் லேப்ஸ் ஆட்கள் இருவர் விண்ணப்பித்திருந்தார்கள். விளையாட்டு வந்தது 2004-ல், அந்த நிறுவனத்தோடு ஓர் உடன்பாட்டின் பேரில். 2011-ல் சோர்ஸை வெளியிட நினைத்தபோது வக்கீல்கள் தயங்க, கார்மாக்கே அந்த இடத்தில் சில வரிகளை மாற்றி எழுதிக் கொடுத்த பிறகுதான் வெளியீடு நடந்தது. அவ்வளவு பெரிய ஆளுக்கே "நானே யோசித்தேன்" கைகொடுக்கவில்லை.

ஆக மூன்று வழி. மாற்று முறைக்குப் போகலாம், அந்தப் பகுதியைத் தனி ப்ளக்இன்னாகப் பிரித்து இயல்பில் அணைத்து வைக்கலாம், இல்லை காலாவதி நாளைக் குறித்துக்கொண்டு காத்திருக்கலாம். எதுவானாலும் சுருக்க முறையையோ கோடெக்கையோ உங்கள் நிரல் முழுக்க இழையோட விடாதீர்கள். ஓர் இடைமுகத்துக்குப் பின்னால் வையுங்கள். நாளைக்குப் பிடுங்க வேண்டி வந்தால் ஒரு மதிய வேலையாக முடியும்.

கோடெக்குகளில் ஒரு கூடுதல் முடிச்சு உண்டு. எச்.264 போன்ற வீடியோ கோடெக்குகளில் கட்டணம் பிரதி எண்ணிக்கையைப் பொறுத்தது. ஓப்பன் சோர்ஸில் பிரதியை யார் எண்ணுவது? யார் வேண்டுமானாலும் ஃபோர்க் (தனிப் பிரதி) எடுத்துக் கம்பைல் செய்யலாமே. சிஸ்கோ 2013-ல் ஒரு வழி கண்டது: ஓப்பன்எச்264 என்ற பெயரில் சோர்ஸை வெளியிட்டு, தானே கம்பைல் செய்த பைனரிக்கு மட்டும் தானே கட்டணம் கட்டுகிறது. அதனால்தான் ஃபயர்ஃபாக்ஸ் அதைத் தன்னோடு சேர்த்துத் தராமல் சிஸ்கோவிடமிருந்து நேரே இறக்குகிறது. அதே சோர்ஸை நீங்கள் கம்பைல் செய்தால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. முடிந்தால் ஒலிக்கு ஓபஸ், வீடியோவுக்கு ஏவி1 பக்கம் போங்கள். கட்டணமில்லாமல் கிடைக்க வேண்டும் என்றே வடிவமைக்கப்பட்டவை.

படி 5: உரிமத்தைப் பேட்டன்ட் கண்ணோடு தேர்ந்தெடுங்கள்

எம்ஐடி, பிஎஸ்டி உரிமங்கள் சின்னதாக, அழகாக இருக்கும். ஆனால் பேட்டன்ட் என்ற சொல்லே அவற்றில் கிடையாது. ஒரு நிறுவனம் உங்கள் ரிப்போவுக்கு நிரல் பங்களித்துவிட்டு, பிறகு அந்த நிரலிலேயே தன் பேட்டன்ட் இருக்கிறது என்று வந்தால், மறைமுக அனுமதி இருந்தது என்று வாதாடலாம். ஆனால் வாதாட வேண்டியிருக்கும்.

2004-ல் வந்த அப்பாச்சி 2.0 இதை மூன்றாம் பிரிவில் வெளிப்படையாகத் தீர்க்கிறது. பங்களிக்கும் ஒவ்வொருவரும் தம் பங்களிப்புக்கு வேண்டிய பேட்டன்ட் அனுமதியையும் சேர்த்துத் தருகிறார். அந்த மென்பொருள் மீது யாராவது பேட்டன்ட் வழக்குப் போட்டால் அவருக்குக் கிடைத்த பேட்டன்ட் அனுமதி ரத்தாகிவிடும். ஜிபிஎல் 3-ஆம் பதிப்பிலும் இதுபோன்ற ஏற்பாடு உண்டு. 2006 நவம்பரில் மைக்ரோசாஃப்ட்டும் நொவெல்லும் தங்கள் வாடிக்கையாளர்களை மட்டும் காக்கும் ஓர் உடன்பாடு போட்டதைப் பார்த்து, அப்படிப்பட்டவற்றை அடைக்கவும் அதில் வாசகம் சேர்த்தார்கள்.

1991-ன் ஜிபிஎல் 2-ல் ஏழாம் பிரிவைப் பலர் படிப்பதேயில்லை. பேட்டன்ட் காரணமாக உங்கள் மேல் நிபந்தனை விழுந்து, பெறுபவர் எல்லோருக்கும் அதே சுதந்திரத்தைக் கொடுக்க முடியாத நிலை வந்தால், நீங்கள் வினியோகிக்கவே கூடாது என்கிறது அது. இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், கடைசிப் படியில் மறுபடி வரும்.

பேட்டன்ட் வாசகம் இருந்தால் மட்டும் போதாது, அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம். ரியாக்ட் லைப்ரரிக்கு ஃபேஸ்புக் பிஎஸ்டியோடு ஒரு தனிப் பேட்டன்ட் இணைப்பை வைத்திருந்தது. ஃபேஸ்புக் மீது தொடர்பே இல்லாத பேட்டன்ட் வழக்குப் போட்டாலும் ரியாக்டுக்கான பேட்டன்ட் அனுமதி போய்விடும் என்பதுபோல அதன் வீச்சு இருந்தது. 2017 ஜூலையில் அப்பாச்சி அறக்கட்டளை தன் திட்டங்களில் அதைச் சேர்க்கத் தடை போட்டது. செப்டம்பரில் ஃபேஸ்புக் எம்ஐடிக்கு மாறியது.

புதிதாகத் தொடங்குகிறவர் கேட்டால் அப்பாச்சி 2.0 அல்லது ஜிபிஎல் 3 என்பேன். ஆனால் ஒன்று: உரிமம் பங்களித்தவர்களிடமிருந்துதான் காக்கும். உங்கள் ரிப்போவை எட்டிக்கூடப் பார்க்காத மூன்றாம் ஆளிடமிருந்து எந்த உரிமமும் காக்காது.

படி 6: தேதியோடு வெளியிடுங்கள்

மூன்றாம் ஆளுக்கு எதிரான ஆயுதம் ப்ரையர் ஆர்ட். அதாவது, அவர் விண்ணப்பிக்கும் முன்பே அது உலகத்தில் இருந்தது என்பதற்கான சான்று. இயோலாஸ் என்ற நிறுவனம் உலாவியில் ப்ளக்இன் ஓடும் முறைக்கே பேட்டன்ட் வைத்திருந்து, 2003-ல் மைக்ரோசாஃப்ட்டுக்கு எதிராக 52 கோடி டாலருக்கும் மேல் தீர்ப்பு வாங்கியது. பின்பு அதே ஆயுதத்தோடு மற்றவர்கள் மேல் பாய்ந்தபோது, 2012 பிப்ரவரியில் டெக்சாஸ் ஜூரி அந்த க்ளெய்ம்கள் செல்லாது என்றது. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ சாட்சி சொன்னார். வயோலா என்ற பழைய உலாவியில் அது முன்பே இருந்ததைக் காட்டினார்கள்.

உங்கள் அளவில் செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. புதிய முறை ஒன்றை எழுதினால் ரிப்போவைத் தனியாகப் பூட்டி வைக்காமல் வெளியில் வையுங்கள். கமிட் தேதியை யாரும் மாற்றி எழுதலாம் என்பதால் அதை மட்டும் நம்பவேண்டாம். வெளியீட்டு டேக், இன்டர்நெட் ஆர்க்கைவில் ஒரு பதிவு என்று அடுத்தவர் கையில் தேதி விழும்படி செய்யுங்கள். அதைவிட முக்கியம், என்ன செய்கிறது என்பதைச் சொற்களில் எழுதுங்கள். பேட்டன்ட் பரிசோதகர் உங்கள் சி++ டெம்ப்ளேட்டுகளுக்குள் புகுந்து தேடமாட்டார்; விளக்கக் கட்டுரை ஒன்று இருந்தால் அவர் கண்ணில் படும். ஒரு பக்கம் போதும்: சிக்கல், முறை, மாற்று வடிவங்கள்.

ஓர் அடிக்குறிப்பு: பின்னாளில் நீங்களே பேட்டன்ட் எடுக்கும் எண்ணம் இருந்தால் இதை யோசித்துச் செய்யுங்கள். அமெரிக்காவில் வெளியிட்ட பிறகு ஓராண்டு அவகாசம் உண்டு, ஐரோப்பாவில் பொதுவாக இல்லை.

படி 7: கூட்டுக் குடைகள்

ஓப்பன் இன்வென்ஷன் நெட்வொர்க் 2005-ல் ஐபிஎம், ரெட் ஹாட், நொவெல், ஃபிலிப்ஸ், சோனி சேர்ந்து தொடங்கியது. சேர்கிறவர்கள் லினக்ஸ் சார்ந்த மென்பொருள்கள் மீது ஒருவரையொருவர் பேட்டன்ட் கொண்டு தாக்குவதில்லை என்று ஒப்புக்கொள்கிறார்கள். 2009-ல் ஃபேட் கோப்பு முறைமைப் பேட்டன்டுகளோடு வழிகாட்டிக் கருவி நிறுவனமான டாம்டாம் மீது வழக்குப் போட்ட அதே மைக்ரோசாஃப்ட், 2018 அக்டோபரில் 60,000 பேட்டன்டுகளோடு இதில் சேர்ந்தது. மறு ஆண்டு எக்ஸ்ஃபேட் விவரக்குறிப்பையும் வெளியிட்டது. அதற்குப் பத்து வருடத்துக்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

ஆனால் இந்தக் குடை, தாமும் பொருள் தயாரிக்கும் நிறுவனங்களிடமிருந்துதான் மறைக்கும். வெறும் பேட்டன்டை வாங்கி வைத்துக்கொண்டு கடிதம் அனுப்பிப் பிழைக்கும் ட்ரோல்கள் எந்த உடன்பாட்டிலும் சேரமாட்டார்கள். அவர்களை மிரட்டத் திருப்பி வழக்குப் போடலாம் என்றால், அவர்களிடம் மீறுவதற்கு ஒரு பொருளும் இல்லை.

படி 8: கடிதம் வந்துவிட்டால்

2011 மே மாதம் ஐஃபோன் செயலி எழுதிய சிறு நிரலாளர்கள் பலருக்குக் கடிதங்கள் வந்தன. அனுப்பியது லாட்சிஸ் என்ற நிறுவனம். செயலிக்குள் இருந்தே மேம்பாடு வாங்கும் பொத்தான் தங்கள் பேட்டன்டை மீறுகிறதாம். கேட்டது அமெரிக்க வருமானத்தில் 0.575 சதவீதம். எவ்வளவு கணக்காகக் கேட்டிருக்கிறார்கள் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் விற்றால் 575 டாலர்தான். வக்கீலிடம் முதல் முறை பேசுவதற்கே அதைவிட அதிகம் ஆகலாம். வழக்கை நடத்தினாலோ லட்சக்கணக்கில் போகும். பேட்டன்ட் செல்லுமா செல்லாதா என்ற கேள்விக்கே வராமல் பணம் கைமாற வேண்டும் என்பதுதான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம். தன் உரிமமே நிரலாளர்களையும் காக்கும் என்று ஆப்பிள் வாதிட்டு வழக்கில் நுழைந்தது. ஆனால் வழக்கில் எஞ்சியிருந்த நிரலாளர்கள் ஒவ்வொருவராகச் சமரசம் செய்துகொண்டதால், 2013-ல் அந்த வாதத்தை முடிவு செய்யாமலே நீதிபதி வழக்கை முடித்துவிட்டார்.

உங்களுக்கு அப்படி ஒன்று வந்தால் முதல் நாள் ஒன்றும் செய்யாதீர்கள். கோபத்தில் பதில் எழுதாதீர்கள், சமூக ஊடகத்தில் படம் போடாதீர்கள். "அந்தப் பகுதியை உடனே நீக்குகிறேன்" என்று இஷ்யூ டிராக்கரில் எழுதுவது ஒப்புதல் வாக்குமூலம்போல வாசிக்கப்படலாம். பழைய கமிட்டுகளை அழிப்பது அதைவிட மோசம், சான்றை அழித்ததாகிவிடும். உறையையும் மின்னஞ்சலையும் அப்படியே வையுங்கள், வந்த தேதியைக் குறியுங்கள். கடிதத்தில் கெடு இருக்கிறதா, அது வெறும் கடிதமா, நீதிமன்ற ஆவணமா என்று பாருங்கள். நீதிமன்ற ஆவணம் என்றால் அன்றைக்கே வக்கீல். அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் எதிர்த்தரப்பு சொன்னதே தீர்ப்பாகிவிடும்.

வெறும் கடிதம் என்றால் படி 3-ல் சொன்ன வேலை: எண், வால், காலாவதி, பராமரிப்புக் கட்டணம், யார் பெயரில் இருக்கிறது. எந்த க்ளெய்ம், உங்கள் நிரலின் எந்தப் பகுதி என்று கூறுவாரியாக ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்களா? இல்லையென்றால் அதைக் கேட்பதே வக்கீலின் முதல் பதிலாக இருக்கும். நீங்கள் பயன்படுத்தும் லைப்ரரியிலோ தளத்திலோதான் சிக்கல் என்றால் அவர்களுக்குத் தெரிவியுங்கள். அவர்களிடம் உரிமம் இருக்கலாம். கட்டற்ற மென்பொருள் திட்டம் என்றால் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் லா சென்டர், எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகளைத் தட்டிப் பாருங்கள். பாட்காஸ்டுக்கே சொந்தம் கொண்டாடிய ஒரு பேட்டன்டின் க்ளெய்ம்களை 2015-ல் அமெரிக்க அலுவலகத்திலேயே செல்லாததாக்கியது இரண்டாவது அமைப்புதான். நீதிமன்றத்துக்கு வெளியே பேட்டன்ட் அலுவலகத்திடமே மறுஆய்வு கேட்கலாம். அமேசானின் ஒன் கிளிக்கையே நியூசிலாந்துக்காரர் ஒருவர் தனி ஆளாக மறுஆய்வுக்கு இழுத்தார். க்ளெய்மைக் குறுக்கித் திருத்திய பிறகுதான் அது தப்பியது.

சமரசத்துக்குப் போவதா என்பது உங்கள் பணமும் உறக்கமும் சம்பந்தப்பட்டது. கொடுத்துவிட்டு ஒதுங்கியவர்களைக் கோழை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஓப்பன் சோர்ஸ் திட்டத்துக்கு அதில் ஒரு பொறி இருக்கிறது. 2019-ல் ராத்ஸ்சைல்டு பேட்டன்ட் இமேஜிங் என்ற நிறுவனம், ஷாட்வெல் படத் தொகுப்பானை வைத்து, லினக்ஸ் மேசைத்தளம் ஒன்றை உருவாக்கும் ஜினோம் அறக்கட்டளை மீது வழக்குப் போட்டது. படங்களை வயர்லெஸ் வழியாகப் பகிர்வது பற்றிய பேட்டன்ட் அது. ஐந்து இலக்கத்தில் ஒரு தொகை கொடுத்தால் விட்டுவிடுகிறோம் என்றார்கள். ஜினோம் மறுத்தது. 4,000-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து 1,50,000 டாலருக்கு மேல் நிதி திரட்டினார்கள். 2020 மே மாதம் சமரசம் வந்தது. அதில் விடுவிக்கப்பட்டது ஜினோம் மட்டுமில்லை. ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் ஏற்ற எந்த உரிமத்தில் வெளியான மென்பொருள் மீதும் அந்த நிறுவனத்தின் எந்தப் பேட்டன்டையும் கொண்டு வழக்கில்லை என்று எழுதி வாங்கினார்கள்.

இப்போது ஜிபிஎல் 2-ன் ஏழாம் பிரிவை நினைத்துப் பாருங்கள். "உன்னை மட்டும் விட்டுவிடுகிறேன்" என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால், உங்கள் நிரலை எடுப்பவர்களுக்கு அதே சுதந்திரம் போகாது. அப்படியானால் உங்கள் நிரலையே நீங்கள் வினியோகிக்க முடியாமல் போகலாம். எனவே கையெழுத்துக்கு முன் வக்கீலிடம் கேட்கவேண்டிய கேள்வி: என்னிடமிருந்து பெறுகிறவர்களையும், அவர்களிடமிருந்து ஃபோர்க் எடுப்பவர்களையும் இது காக்கிறதா, எந்த வரியில்?